லைன் வீடும் குடிமனையும்



ஊர், சேரி என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டுதான் நாம் இத்தனை காலமும் கிராமத்தைப் பற்றிப் பேசிவந்திருக்கிறோம். தமிழில் தலித் எழுத்து தலையெடுத்தபோது அது முதலில் செய்த வேலையே, ஊரின் படத்தைச் சேரிப்பக்கம் நின்று திருத்தி வரைந்ததுதான். இவ்வாண்டு நினைவுரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் குடியிருப்பு அந்தப் படத்தில் இடம்பெறாதது. மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவில், ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். மூணாற்றில் லயம் என்பார்கள். வால்பாறையிலும் கூடலூரிலும் பாடி என்றும் லைன் என்றும் வழங்கும். இலங்கை மலையகத்தில் லயன், லயக்காம்பரா. பெயர் எதுவானாலும், அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து மலையேறிப் போன நம் மக்கள்.

நமக்கு முன்னுள்ள கேள்வி எளிமையானது. நான்கு தலைமுறையாக ஓரிடத்தில் பிறந்து, உழைத்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சென்ட் குடிமனைகூட ஏன் இல்லாமல் போயிற்று? திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையை முன்வைத்து இதை விளக்கப் பார்ப்போம். மற்ற மலைகளையும் தேவைப்படும் இடத்தில் தொட்டுக்கொள்வோம்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து மேலே போனால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து குடியிருப்புகள் வரும். இது சிங்கம்பட்டி ஜமீனுக்கு உட்பட்ட காடாக இருந்தது. 1929இல் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்தது. ஜமீன் வாரிசு சிக்கிக்கொண்ட ஒரு கொலை வழக்கும், அதற்கான செலவும், அதனால் ஏறிய கடனும்தான் இந்தக் குத்தகைக்குக் காரணம் என்று நெல்லைப் பக்கம் சுவையாகக் கதை சொல்வார்கள். ஜமீன் கதைகளுக்குச் சொல்வோரும் கேட்போரும் எப்போதும் உண்டு. காட்டை வெட்டியவர்களின் கதைக்குத்தான் ஆள் குறைவு.

அவர்கள் ஏன் ஏறினார்கள்? தாமிரபரணிக் கரையின் நன்செய் பெரும்பாலும் கோயில்களிடமும் மடங்களிடமும் மேல்சாதி நிலக்கிழார்களிடமும் இருந்தது. அதில் இறங்கி நாற்று நட்டவர்களுக்கு அந்த நிலத்தில் வரப்பளவு பாத்தியதை கிடையாது. கரையைவிட்டு விலகினால் கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில் என்று வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் அங்கே கூலியும் பொய்க்கும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892 முதல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது நமக்குத் தெரியும். அதில் எவ்வளவு நம் கையில் நிலைத்தது என்பதும் தெரியும். நிலமில்லாதவனிடம் கங்காணி வந்து முன்பணத்தை நீட்டினான். பணம் கையில் விழுந்தபோதே கடனும் விழுந்துவிட்டது. கடனோடுதான் மலையேறினார்கள்.

மேலே அவர்களுக்குக் கிடைத்த வீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் குடியிருப்பின் வரலாறு முழுக்க அந்த வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. நீளமாக ஒரு கட்டடம். அதைக் குறுக்குச் சுவர்களால் தடுத்து ஆறு, எட்டு, பத்து வீடு. முன்னால் சிறு திண்ணை, ஒரு அறை, அடுப்புக்கு ஒரு ஒதுக்குப்புறம். இலங்கையில் பழைய லய அறைக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது வழக்கமான அளவு. அதற்குள் தாய் தகப்பன், வயதுவந்த பிள்ளைகள், கலியாணமான மகன், ஈரவிறகின் புகை. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். மனைவியிடம் ரகசியம் பேசுவதானால் தேயிலைக்குள் போய்த்தான் பேச வேண்டும் என்பது லயத்துக்காரர்களின் பழைய கேலி. செலவு குறைவு என்பதற்காக மட்டும் இப்படிக் கட்டவில்லை. வரிசையாக இருந்தால் விடியற்காலையில் ஒரு ஆள் நடந்தே எல்லாரையும் எழுப்பிவிடலாம். யார் வேலைக்கு வரவில்லை, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பதை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். தாழ்வாரம் ஒன்றுதான், அதில் நடக்கும் கண்ணுக்கு எந்தக் கதவும் தப்பாது.

வேலை இன்னும் கறாரானது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் பெண்கள். கவ்வாத்து வெட்டு, மருந்தடிப்பு, ஆலை வேலை பெரும்பாலும் ஆண்கள். இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, காலில் உப்பையோ புகையிலையையோ தேய்த்துக்கொண்டு இறங்குவார்கள். அப்படியும் அட்டை ஏறும். ஊத்து, நாலுமுக்குப் பகுதி தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெய்யும் இடங்களில் சேர்ந்தது. அந்த மழையிலும் நின்று பறிக்க வேண்டும். நிறுவைக்குப் போனால் இலையில் தண்ணீர் இருக்கிறதென்று எடையில் கழிப்பார்கள். வேலைக்கு வந்ததைப் ‘பேர் விழுவது’ என்பது மலையக வழக்கு. நிர்ணயித்த எடை பறிக்காவிட்டால் அரைப்பேர். ஒரு முழு மனுஷியை அரைப் பேராகக் கணக்கில் எழுதும் ஒரு மொழியைத் தோட்டம் உண்டாக்கிக்கொண்டது. கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பால்கட்டிய மார்போடு கூடை சுமந்ததைப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள்.

இதையெல்லாம் அடிமைத்தனம் என்று எழுதியவர்கள் நமக்கு முன்னோடிகள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகவும் தொழிற்சங்கத்தவராகவும் இருந்த பி.எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’, டி. செல்வராஜின் ‘தேநீர்’ ஆகியவற்றை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அவை சொன்னவற்றில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால், மலை அவ்வளவு கொடியதென்றால் ஏன் இத்தனை பேர் அங்கேயே தங்கினார்கள்? கடனும் பயமும் ஒரு பகுதியைத்தான் விளக்கும்.

மேலே ஊர் இல்லை. சாவுச் செய்தி சொல்லப் போ, செத்த மாட்டைத் தூக்கு, திருவிழாவுக்குப் பறையடி என்று ஏவுவதற்கு அங்கே யாரும் இல்லை. துரையின் அதட்டல் உண்டு, கங்காணியின் கைநீட்டல் உண்டு. ஆனால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டிய தேவை இல்லை. அங்கே இருந்த தெரு தங்கள் தெரு. குறைந்ததோ கூடியதோ, கூலி காசாக வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. கோயிலையும் மாதாகோயிலையும் தாங்களே எழுப்பினார்கள். அவற்றில் பின்வாசல் வழியாக நுழைய வேண்டியதில்லை. அதற்காகச் சாதி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. கங்காணிகளில் பலர் இடைநிலை, மேல்நிலைச் சாதியினர். இலங்கைத் தோட்டங்கள் பலவற்றில் லயங்களையே சாதி பார்த்துப் பிரித்தார்கள். அந்த லயம் இந்தச் சாதிக்கு என்ற பேச்சு வெகுகாலம் நீடித்தது. ஆனாலும், விடுமுறைக்குக் கீழே போன பிள்ளைகள் தாத்தா ஊரின் டீக்கடையில் தனிக்குவளையைப் பார்த்துத் திகைத்தார்கள் என்றால், அந்தத் திகைப்பு மலை கொடுத்தது.

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியாது. கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களை அவர் அரசியல் நிர்ணய சபையிலேயே மறுத்தார். அதற்கு முன்பே, 1942இல் நாகபுரியில் கூடிய மாநாட்டில், பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1947இல் அவர் அளித்த ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்ற மனுவிலும் அது இருக்கிறது. அந்தக் கோரிக்கைக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒன்று, ஊரின் பிடியிலிருந்து விலகிய குடியேற்றம். மற்றது, அந்தக் குடியேற்றத்துக்கு அரசு தரும் நிலம். மலைத்தோட்டத்தில் முதல் கால் யாரும் திட்டமிடாமலே, ஒரு கம்பெனியின் லாபக் கணக்கின் பக்கவிளைவாக வாய்த்தது. இரண்டாவது கால் ஊன்றவே இல்லை. மாஞ்சோலையை இந்த ஒற்றைக்கால் நிலையில் வைத்துப் பார்த்தால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

நிலம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குச் சட்டத்தின் வழி ஒரு பதில் உண்டு. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. சிங்கம்பட்டி ஜமீன் 1952இல் அரசின் வசமானது. கீழே, ஜமீன் நிலத்தில் பயிரிட்ட ரயத்துக்குப் பட்டா பெற வழி பிறந்தது. மேலே, ஜமீன் இருந்த இடத்தில் அரசு வந்து அமர்ந்தது. கம்பெனியின் குத்தகை தொடர்ந்தது. தொழிலாளியின் பெயர் பழைய பத்திரத்திலும் இல்லை, புதிய ஏட்டிலும் இல்லை. பிறகு 1971இல், வேளாண் தொழிலாளர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. தஞ்சையில் பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர், பண்ணையார் விரட்டினாலும் மனையைவிட்டு நகர வேண்டியதில்லை என்ற நிலை அப்படித்தான் உருவானது. கீழ்வெண்மணிக்குப் பிந்தைய தமிழகத்தில் இது சிறிய காரியம் அல்ல. லைன் வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்றும் வந்து சேரவில்லை.

அவருக்கு வந்தது 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, மருத்துவமனை, பிள்ளைக்காப்பகம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட முதலாளி தர வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற நல்ல சட்டம்தான். ஆனால் அதன்படி வீடு என்பது வேலைக்கான வசதி, சுருங்கச் சொன்னால் கூலியின் ஒரு பாகம். வேலை போனால் வீடும் போகும். இதன் விளைவு ஒவ்வொரு குடும்பத்திலும் தெரிந்தது. தாய் ஓய்வு பெறும் வயதை நெருங்கும்போது, வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும்: இனி யார் பேர் பதிவது? யாரும் பதியாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். படித்துக்கொண்டிருந்த மகளோ, கீழே வேலை தேடிக்கொண்டிருந்த மகனோ, குடும்பத்துக்குக் கூரை மிஞ்ச வேண்டும் என்பதற்காகக் கூடையை எடுப்பார்கள். ஓய்வூதியப் பலனைக் கொடுக்கும் முன் சாவியைக் கேட்கும் வழக்கமும் பல தோட்டங்களில் இருந்தது. முதல் தலைமுறையைக் கட்டிப்போட்டது கங்காணியின் கடன் என்றால், அடுத்த மூன்று தலைமுறையைக் கட்டிப்போட்டது இந்த வீடு.

1999ஐ இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். கூலி உயர்வும் வேலைநிலைமையும் கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி போனது. காவல்துறை தடியடி நடத்தியது. மக்கள் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறோம். மாஞ்சோலை மலையில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. கீழே மூன்று போகம் பேசும் வயல்களில் எத்தனை அந்த நீரை நம்பியவை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அந்தப் பேரணியில் வந்தவர்கள் வெளியூர்க்காரர்களாகப் பார்க்கப்பட்டது இன்னும் உறுத்துகிறது.

நாம் அந்த நாளைக் கூலிப் போராட்டமாகவும் காவல்துறை வன்முறையாகவும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டும் சரி. ஆனால் அன்றைய கோரிக்கைகள் அத்தனையும் கிடைத்திருந்தாலும் 2024இல் நடந்தது நடந்திருக்கும். அந்த ஆண்டு, 2028இல் முடிய வேண்டிய குத்தகைக்கு முன்பே தோட்டத்தை விட்டு வெளியேற முடிவு செய்த கம்பெனி, மீதமிருந்த தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையொப்பம் வாங்கியது. கையொப்பம் போட்ட நாளில் வேலை முடிந்தது. வேலை முடிந்ததால் வீட்டில் இருக்கும் உரிமையும் முடிந்தது. வாக்குச்சாவடி இருந்த இடம், ரேஷன் அட்டை இருந்த இடம், பேருந்து வந்து போன இடம், ஒரே நாளில் காலி செய்ய வேண்டிய குடியிருப்பாக மாறியது. வெளியேற்றத்துக்கு நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. டேன்டீயே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர் தரப்பில் கேட்டார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை. மறுவாழ்வு ஏற்பாடுகளைச் செய்யச் சொன்னது.

டேன்டீ என்று கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது; 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியிலும் பின்னர் வால்பாறையிலும் அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அதுதான் டேன்டீ. கண்டியிலும் நுவரெலியாவிலும் லயத்தில் பிறந்தவர்களைக் கூட்டிவந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி லைன் வீட்டில் வைத்தார்கள். தாயகம் திரும்பியோர் என்று பெயர் கொடுத்தார்கள், மனை கொடுக்கவில்லை. அரசே முதலாளியாக இருந்தாலும் வீடு வேலையோடுதான் கட்டப்பட்டிருந்தது.

இலங்கையில் நின்றவர்களின் கதையும் இதே கயிற்றில் போகிறது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் போராடிக் குடியுரிமை பெற்ற பிறகும், லயத்துக்கு முகவரி இல்லை. தபால் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து மனம்வைத்தால் வந்து சேரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்து கையில் கிடைத்த கதைகள் மலையகத்தில் ஏராளம். உள்ளூர் பிரதேச சபை தோட்டக் குடியிருப்புக்கு ஒரு சாலை போடுவதற்குக்கூட 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். வாக்களிக்கலாம், ஆனால் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை உன் வாசலுக்கு வராது. சேரிக்குத் தெருவிளக்கு போடாத ஊராட்சியையாவது கேள்வி கேட்க முடியும்.

மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டார்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். எங்கே குடியிருப்பது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. லயம் எங்கே கட்டப்பட்டதோ அங்கே இருந்தார்கள். சொந்த மனை இருப்பவன் சரிவு சரியில்லை என்று பட்டால் வீட்டை மாற்றிப் போட யோசிக்கலாம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2015 செப்டம்பரில், ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் அதே மூணாற்றுப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டுத் தெருவில் அமர்ந்து போனஸை வாங்கினார்கள். கூலிக்காகத் திரளும் வலிமை நம் மலைப்பெண்களுக்கு இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மனையை எந்தக் கதவில் தட்டிக் கேட்பது என்பதுதான் சிக்கல்.

மாஞ்சோலைக்கு அந்தக் கதவு வனத்துறையினுடையதாக இருக்கிறது. களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமானது. 2018இல் குத்தகைப் பகுதியும் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. காடு காடாக மீள வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு கிடையாது. எட்டாயிரம் ஏக்கரை ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டு ஆண்ட கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டு இறங்கும்போது, காட்டை அழித்த பழி மட்டும் லைன் வீட்டுக்காரன் தலையில் மிஞ்சுவதில்தான் மாறுபடுகிறோம்.

2006இன் வன உரிமைச் சட்டம் இங்கே கவனமாகப் படிக்கத் தக்கது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் குடியிருந்து அதைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி காணிக்காரர்களுக்கு அது பொருந்தும். அந்த மலைக்கு மூத்தவர்கள் அவர்கள். மற்றவர்கள், தலித்துகள் உட்பட, அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் 1930 டிசம்பர். குத்தகையோ 1929. ஆக, முதல் தடவை காடு வெட்ட ஏறியவரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஒரு மயிரிழையில் நிற்கிறது. பத்தாண்டு கழித்து அதே லைனின் அடுத்த வீட்டுக்கு வந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு நிற்கவில்லை. இதற்கு மேல், கம்பெனிக்கு வேலை செய்தவர் காட்டைச் சார்ந்தவர் ஆவாரா என்ற வாதம் எதிரே நிற்கிறது. கூலி கம்பெனியிடம் வாங்கினாலும் விறகும் கீரையும் மருந்துவேரும் அந்தக் காட்டில்தான் எடுத்தார்கள் என்பதை யாராவது எழுத்தில் வைக்க வேண்டும்.

எதை எழுத்தில் வைக்கலாம் என்பதையும் சட்டமே சொல்கிறது. அதன் 2008ஆம் ஆண்டு விதிகளில் சான்றுகளின் பட்டியல் உண்டு. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை போன்றவற்றோடு, கிணறு, வழிபாட்டிடம், புதைகாடு ஆகியவையும் சான்று. உரிமை கோருபவர் அல்லாத முதியோர் ஒருவர் சொல்லி, எழுத்தில் பதிந்த வாக்குமூலமும் சான்று.

மலையிலிருந்து இறங்கியவர்கள் இப்போது மணிமுத்தாற்றிலும் கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் திருநெல்வேலியிலும் வாடகை வீடுகளில் சிதறியிருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிய பாட்டிமாரும் தாத்தாமாரும் அவர்களுக்குள் இன்னும் சிலர் உண்டு. எந்த ஆண்டு, யாருடன், எந்த வழியாக ஏறினார்கள். முதலில் எந்த லைன், எத்தனையாவது வீடு. இறந்த பிள்ளையை எந்த மேட்டில் புதைத்தார்கள். கோயில் கல்லை யார் சுமந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு, சொன்னபடியே எழுதி, தேதி போட்டு, அவர்களிடம் வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் நிரம்ப இருக்கிறோம். ஒருவருக்கு ஒரு முதியவர் என்று பிரித்துக்கொண்டால், வரும் மழைக்காலத்துக்குள் முடித்துவிடலாம்.